பில்லில் வரி ஏன் சில காசு இடிக்கிறது?

கேள்வி: ஒரு கடையில் பத்துப் பொருள் வாங்கினேன். பில்லின் மொத்தத்துக்கு நானே வரி போட்டுப் பார்த்தால், அவர்கள் வாங்கியதைவிட ஐந்து காசு குறைவாக வருகிறது. கேட்டால் "மென்பொருள் போட்டது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். காசுக்குக் கீழே வரும் பின்னத்தை எந்தக் கட்டத்தில் ரவுண்ட் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது.

ஒவ்வொரு பொருளும் 1.30, வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு வரி 0.065. அதை 0.07 ஆக்கிவிட்டுப் பத்தையும் கூட்டினால் 0.70. விலைகளை முதலில் கூட்டி, வந்த 13.00-க்கு வரி போட்டால் 0.65 தான். இரண்டு கணக்கிலும் தப்பு இல்லை. விலை 1.28 ஆக இருந்திருந்தால் கதை தலைகீழ்: பொருள்வாரியாகப் போட்டால் 0.60, மொத்தத்துக்குப் போட்டால் 0.64. அப்போது லாபம் உங்களுக்கு. அதற்கு யாரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை!

எது செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2023 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் முறைப்படி, ஒரு பில்லில் ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் ரவுண்ட் செய்யலாம். பொருள்வாரியாக ரவுண்ட் செய்து கூட்டக் கூடாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட விற்பனை வரி உடன்பாடு வேறு மாதிரி. வரியை மூன்று தசம இலக்கம் வரை கணக்கிட வேண்டும், மூன்றாவது இலக்கம் நான்கைத் தாண்டினால் மேலே ஏற்ற வேண்டும். ஆனால் பொருள்வாரியாகவா, பில் மொத்தத்துக்கா என்பதை விற்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு அளவுகோல் இருக்கிறது. அருகிலுள்ள காசுக்கு ரவுண்ட் செய்யும்போது ஓர் உருப்படியில் அரைக் காசுக்கு மேல் பிசகாது. ஆக, பத்து உருப்படிக்கு ஐந்து காசுதான் உச்சம். நீங்கள் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் போயிருந்தால் ரவுண்டிங் மீது பழி போட முடியாது. விகிதம் தப்பாக இருக்கலாம், தள்ளுபடியைக் கழிக்கும் முன்பே வரி போட்டிருக்கலாம், டெலிவரி கட்டணத்தையும் சேர்த்திருக்கலாம். அப்போது விடாமல் கேளுங்கள்.

கேள்வி: விலைச்சீட்டில் "வரி உட்பட 9.99" என்று இருந்தது. பில்லில் 10.00. ஒரு காசுக்காகச் சண்டை போடலாமா?

பதில்: சண்டை வேண்டாம், ஆனால் நியாயம் உங்கள் பக்கம்தான். வரி 20 சதவீதம் என்றால், வரி நீக்கிய விலை 8.325. மென்பொருள் இதை 8.33 என்று பதிந்துகொண்டு அதன்மேல் மறுபடி வரி போட்டால் 1.67 வரும், கூட்டினால் 10.00. சரி, 8.32 என்று பதியட்டும் என்றால் மொத்தம் 9.98 ஆகிவிடும். இரண்டு தசமத்தில் எந்த அடிப்படை விலையை வைத்தாலும் 9.99 வரவே வராது.

செய்ய வேண்டியது, 9.99-ஐ அசைக்காமல் அதற்குள் இருக்கும் வரியைப் பிரிப்பது. ஆறால் வகுத்தால் 1.665, ரவுண்ட் செய்தால் வரி 1.67, மீதி 8.32 பொருளின் விலை. பல மென்பொருள்களில் இதற்கென்றே "விலையில் வரி அடக்கம்" என்ற தேர்வு இருக்கும். உங்கள் கடையில் அதை இயக்காமல் விட்டிருக்க வேண்டும்.

சில்லறை இல்லாததால் ரவுண்ட் செய்வது தனி விஷயம், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கனடா 2013-ல் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை நிறுத்திய பிறகு, ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் கடைசி மொத்தத்தை ஐந்து சென்ட்டுக்கு ரவுண்ட் செய்கிறார்கள். கார்டில் கட்டினால் கிடையாது. வரித்தொகை இரண்டிலும் ஒன்றே.

கேள்வி: இணையத்தில் சிறு வியாபாரம் செய்கிறேன். விற்பனைத் தளம் காட்டும் வரியும் கணக்கு மென்பொருள் காட்டும் வரியும் அடிக்கடி ஒரு காசு வேறுபடுகின்றன. வேறு மென்பொருள் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: விளம்பரத்தை நம்பாமல், சோதனைப் பதிப்பை இறக்கி அந்தப் பத்து 1.30-ஐ அடித்துப் பாருங்கள். 0.70 வந்தால் பொருள்வாரி, 0.65 வந்தால் மொத்தம். 0.60 வந்தால் அது, சரியாக அரைக் காசு வரும்போது மேலே ஏற்றாத மென்பொருள். உங்கள் வரி விதி அதை ஏற்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். 1.005 போன்ற எண்களையும் கொடுத்துப் பாருங்கள். 0, 1 மட்டும் வைத்து எண்ணும் சாதாரண இரும முறையில் கணினி அதை 1.005-க்கு மயிரிழை குறைவாகத்தான் வைத்துக்கொள்கிறது, அதனால் 1.01 வர வேண்டிய இடத்தில் 1.00 வந்து நிற்கும். பணத்தைத் தசம முறையிலேயே கணக்கிடும் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ரிட்டர்ன். மொத்தத்துக்கு 0.65 வரி வாங்கிய பில்லில், வாடிக்கையாளர் பத்துப் பொருளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் 0.07 என்று மொத்தம் 0.70 கொடுத்துவிடுவீர்கள். வாங்காத ஐந்து காசு உங்கள் கையிலிருந்து போகிறது. திருப்பிய பொருளுக்கான கிரெடிட் நோட் (பணம் திருப்பும் சீட்டு) போடும்போது மென்பொருள் மூல பில்லில் மீதமுள்ள வரியைப் பார்த்துக் கழிக்கிறதா என்று சோதியுங்கள். பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

உங்கள் ஒரு காசுக்கு வருவோம். தளமும் மென்பொருளும் தனித்தனியாக வரி போடுவதால் வரும் வினை அது. மென்பொருளை மாற்றும் முன், இரண்டிலும் ஒரே முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே முறையை வைக்க முடியாவிட்டால், தளம் வசூலித்த வரியை மறுபடி கணக்கிடாமல் அப்படியே ஏற்கும் வசதி வேண்டும். கொள்முதலிலும் இதே கதைதான்: சப்ளையர் பில்லில் அச்சாகியிருக்கும் வரியைப் பதிய வேண்டுமே தவிர, நம் மென்பொருள் சொல்வதை அல்ல. அந்தத் தொகையைக் கையால் திருத்த விடாத மென்பொருளை, இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.