நாலு வாய்க் காகித ஜோசியம்: கேட்டவர்களுக்குப் பதில்

சதுரக் காகிதத்தை மடித்து, விரல்களை நுழைத்து, வாய் திறந்து திறந்து மூடுவோமே, அந்தக் காகித ஜோசியம் பற்றி வந்த கேள்விகள்.

அக்கா, மடிப்பு பாதியிலேயே மறந்துவிடுகிறது.

ஏ4 தாளில் 21 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்துப் பிரித்தால் நடுப்புள்ளி தெரியும். நாலு மூலையையும் அங்கே மடியுங்கள். திருப்பிப் போட்டு மறுபடி நாலு மூலையும் நடுவுக்கு. பலரும் மறப்பது இந்தத் திருப்புதலைத்தான். இப்போது 10.5 செ.மீ. சதுரம் கிடைக்கும். நெடுக்கும் குறுக்கும் பாதியாக மடித்து நகத்தால் நீவிவிட்டு, அடியில் உள்ள நாலு பைகளில் விரல்களை விடுங்கள்.

எங்கே எதை எழுதுவது?

வெளியே நாலு நிறம், உள்ளே எட்டு எண், எண்களுக்கு அடியில் எட்டுப் பதில். சொல்லும் நிறத்தின் பெயரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை வாயைத் திறக்க வேண்டும். அப்புறம் தெரியும் எண்ணில் ஒன்றைச் சொல்லி அத்தனை முறை. அப்போது தெரியும் எண்களில் கடைசியாக ஒன்றைச் சொல்லி, அதன் மடலைத் தூக்கிப் படியுங்கள்.

எட்டுப் பதில் எழுதியும் அதே நாலுதான் வருகிறது. பச்சை, நீலம், வெள்ளை, பிங்க். எண்களுக்கு இரண்டாம் வாய்ப்பாடு, 2 முதல் 16 வரை. காகிதத்தில் கோளாறா?

காகிதத்தில் இல்லை, வாய்ப்பாட்டில்! வாய் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை என்று மாறி மாறித் திறக்கும். ஒரு திறப்பில் எதிரெதிர் மடல் இரண்டு, அதாவது நாலு எண்தான் தெரியும். உங்கள் நிறங்கள் நாலுமே மூன்றெழுத்து (ப, ச், சை என்று புள்ளி எழுத்தையும் சேர்த்து). எப்போதும் ஒரே பக்கமாகத் தொடங்கினால் மூன்றாவது திறப்பு முதல் திறப்பின் பக்கமே வரும். பிறகு இரட்டைப்படை எண். எத்தனை முறை திறந்தாலும் புறப்பட்ட பக்கத்திலேயே வந்து நிற்கும். மற்ற நாலு பதிலும் வெளிச்சத்தையே பார்க்காது. வெள்ளை, பிங்க்குக்குப் பதிலாக சிவப்பு, மஞ்சள் எழுதுங்கள், இரண்டும் நாலெழுத்து. எண்கள் 1 முதல் 8 வரை போதும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த என் தம்பி ஒரு விடுமுறை முழுக்கப் பாத்திரம் கழுவாமல் தப்பித்தான்.

சினிமாவா, கடற்கரையா? எனக்கும் கணவருக்கும் சண்டை.

ஒவ்வொரு மடலிலும் ஒரு சினிமா, ஒரு கடற்கரை எழுதுங்கள். எந்தப் பக்கம் திறந்தாலும் இரண்டுக்கு இரண்டு.

வேலையை விடலாமா என்று கேட்கலாமா?

வேண்டாம். துணி மடிப்பது யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டி அட்டையில் செய்யலாமா?

பாதியாக மடிக்கும்போது எட்டு அடுக்கு சேரும். அட்டை அங்கே வெடித்துவிடும்.

விளையாடி அலுத்துவிட்டால்?

கவிழ்த்து வையுங்கள், நாலு குழிக் கிண்ணம். ஆங்கிலத்தில் இதன் பழைய பெயரே உப்புக் கிண்ணம்தான். என் மேசையில் இருப்பதில் பொத்தான்கள் கிடக்கின்றன.