ரவுட்டரில் கனெக்‌ஷன் டைப் எதைப் போடணும்? – கேள்வி பதில்

கீழக்கரை: காக்கா, புது ரவுட்டர் வாங்கியாச்சு. செட்டப்ல டைனமிக் ஐபி, ஸ்டேட்டிக் ஐபி, பிபிபிஓஇன்னு மூணு காட்டுது. வீட்டுல ஃபைபர் லைன். எதைத் தொடணும்?

பதில்: ஃபைபர்ங்கிறதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது தம்பி. ஐபிங்கிறது நெட்ல பெட்டிக்கு உள்ள நம்பர் முகவரி. டைனமிக்னா அது தானா வரும், ஸ்டேட்டிக்னா ஆப்பரேட்டர் குடுத்ததைக் கையால போடணும், பிபிபிஓஇன்னா யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ள போகணும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ள போற வேலையை எந்தப் பெட்டி செய்யுதுன்னு பாக்கணும். ஃபைபர் வந்து சேர்ற பெட்டி ஓஎன்டி. அதுல இருந்து ஒரு லேன் கேபிளை லேப்டாப்ல சொருகி, லேப்டாப் வைஃபையை ஆஃப் பண்ணுங்க. உடனே நெட் வந்தா லாகின் ஓஎன்டிக்குள்ளயே நடக்குது; ரவுட்டர்ல டைனமிக் ஐபி போதும். ஓஎன்டியில பான் (PON, ஃபைபர் லைன் சரின்னு காட்டுற) லைட் பச்சையா நிக்குது, லாஸ் (LOS, ஃபைபர் சிக்னல் இல்லைன்னு காட்டுற) லைட் எரியல, ஆனா லேப்டாப்புக்கு 169.254ன்னு தொடங்குற முகவரிதான் (யாரும் முகவரி குடுக்காதப்ப லேப்டாப் தானாப் போட்டுக்கிறது) கிடைக்குதுன்னா, ஓஎன்டி பெரும்பாலும் பிரிட்ஜ் மோடுல, அதாவது தான் லாகின் பண்ணாம லைனை அப்படியே கடத்துற மோடுல இருக்கும். அப்ப பிபிபிஓஇ. லாஸ் சிவப்பா எரிஞ்சா எந்த டைப்பைப் போட்டாலும் வராது. ஃபைபர்லதான் கோளாறு, லைன்மேனைக் கூப்பிடுங்க.

தங்கச்சிமடம்: அண்ணே, எனக்கு டைனமிக்தான். வைஃபை முழுசாக் காட்டுது, நெட் இல்ல.

பதில்: ஓஎன்டியும் ரவுட்டரும் ரெண்டுமே 192.168.1.1ன்னு இருக்கான்னு பாருங்க. ஒரே முகவரி ரெண்டு பெட்டிக்கும் இருந்தா எதை எங்க அனுப்பறதுன்னு ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரோட லேன் (வீட்டுக்குள்ள இருக்குற பக்கம்) முகவரியை 192.168.10.1ன்னு மாத்துங்க. அடுத்த அறைக்கு வைஃபை எட்டினாப் போதும்னா, ஆக்சஸ் பாயின்ட் மோடுல (ரவுட்டர் வேலை செய்யாம வைஃபையை மட்டும் பரப்புற மோடு) போட்டுருங்க, இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ரெண்டு பெட்டிக்கும் முகவரி வேற வேறயா இருந்தும் நெட் வரலைன்னா, ஆப்பரேட்டர் பழைய ரவுட்டரோட மேக் முகவரிக்கு (ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பெனியே போடுற அடையாள நம்பர்) மட்டும் லைனைப் பூட்டி வச்சிருக்கலாம். புது ரவுட்டர் செட்டிங்ல மேக் குளோன்னு இருக்குற இடத்துல அந்தப் பழைய நம்பரைப் போடுங்க.

மண்டபம்: அண்ணே, பிபிபிஓஇ போட்டேன், கனெக்ட் ஆகவே மாட்டேங்குது.

பதில்: என்ன எர்ரர் வருதுன்னு பாரு தங்கச்சி. ஆதென்டிகேஷன் ஃபெயில்டுன்னா எதிர்முனை பதில் சொல்லுது, பெரும்பாலும் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, @க்குப் பின்னாடி வர்ற பகுதி எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சரி பாரு. பழைய ரவுட்டர் இன்னும் லாகின்ல இருந்தாலும் சில ஆப்பரேட்டர்கள் புதுசை ஏத்துக்க மாட்டாங்க. பழசை அணைச்சிட்டு கால் மணி நேரம் பொறு. பதிலே வராம டைம்அவுட் ஆனா, கேபிள் வான் (WAN, வெளி லைனைச் சொருகுற) போர்ட்ல இருக்கான்னு பாரு. இருந்தா, விலேன் (VLAN, லைனுக்குள்ள தனி வழியைக் குறிக்கிற) நம்பர் உண்டான்னு ஆப்பரேட்டரைக் கேளு. கனெக்ட் ஆகியும் சில தளங்கள் மட்டும் திறக்கலைன்னா எம்டியூவை (ஒரு தடவையில அனுப்பக்கூடிய டேட்டா அளவு) 1492 ஆக்கு. 1500ல 8 பைட்டை பிபிபிஓஇயே எடுத்துக்கும்.

ராமேஸ்வரம்: சார், எங்களுக்கு சிம் போடுற ரவுட்டர்.

பதில்: டைனமிக், ஸ்டேட்டிக், பிபிபிஓஇ மூணும் உங்களுக்கு வேண்டாம். 4ஜி மோடு, ஏபிஎன் (சிம் கம்பெனியோட நெட் வாசல் பேரு) ஆட்டோ. ஆனா டேட்டா ரோமிங்கை மறக்காம ஆஃப் பண்ணுங்க, நெட்வொர்க்கையும் கையால தேர்ந்தெடுங்க. தனுஷ்கோடி பக்கம் இலங்கை டவர் சிக்னல் எட்டும். ரவுட்டர் அதைப் பிடிச்சா பில் எகிறிரும்.

கீழக்கரை: துபாய்ல இருந்து வீட்டு கேமராவைப் பாக்கணும். ஸ்டேட்டிக் ஐபி போடவா?

பதில்: நீங்களா ஒரு நம்பரைப் போட்டா இருக்குற நெட்டும் போயிரும். ஆப்பரேட்டர் ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நாலையும் குடுத்து, கையால போடச் சொன்னா மட்டும் அந்த டைப். உங்க வான் ஐபி 100.64ல இருந்து 100.127 வரைக்குள்ள தொடங்குனா, ஒரே வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்க. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில இருந்து வர்றதை வீட்டு கேமராவுக்குத் திருப்பி விடறது) அதுல நடக்காது. காசு கட்டி ஸ்டேட்டிக் வாங்கணும், இல்ல ஆப் வழியாப் பாக்குற கேமராவா வைக்கணும்.

தொண்டி: ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. இப்ப வான் லைட் விட்டு விட்டு எரியுது. டைப் மாறிருச்சா?

பதில்: டைப் தானா மாறாது. உப்புக் காத்துல லேன் கேபிள் முனையில இருக்குற ஆர்ஜே45 கனெக்டரோட பின்கள் பச்சை பூத்துரும். கேபிளைக் கழத்தி முனையைப் பாருங்க. பச்சை இருந்தா ரெண்டு அங்குலம் வெட்டிட்டுப் புது கனெக்டரை கிரிம்ப் பண்ணுங்க (அதுக்கான கருவியால அழுத்திப் பொருத்துங்க). கடலைப் பாத்த ஜன்னல் ஓரத்துல பெட்டியை வைக்காதீங்க. அவசரப்பட்டு ரீசெட் ஓட்டையில குச்சியை விட்றாதீங்க, பிபிபிஓஇ லாகின் அழிஞ்சிரும், வைஃபை பேரும் போயிரும். யூசர்நேம் எழுதி வைக்கலைன்னா ஆப்பரேட்டர் வர்ற வரைக்கும் நெட் கிடையாது.