சும்மா இருக்கும்போதே 62 டிகிரியா?

கேள்வி: டிவிக்குக் கீழே வைக்க, சின்ன கேபினெட்டில் இன்டெல் ப்ராசஸர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். படம் எதுவும் ஓடாதபோதே 62 டிகிரி காட்டுகிறது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 62 டிகிரியில் ப்ராசஸர் கெட்டுவிடாது. ஆனால் வேலையே இல்லாதபோது இது அதிகம்தான். முதலில் அது நிஜமாகவே சும்மா இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். விண்டோஸ் பவர் பிளான் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ஸில் இருந்தால் ‘பேலன்ஸ்டு’க்கு மாற்றுங்கள். பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) காட்டும் அளவை மட்டும் வைத்துக் கவலைப்படாதீர்கள். அங்கே மின்சிக்கன வசதிகள் முழுதாக இயங்காததால் சூடு கூடுதலாகவே தெரியும்.

அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடு சட்டென்று இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில். கேபினெட்டை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் திணித்திருந்தால், வெளியேறிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இறங்கவே இல்லையா? எனக்கு ஹீட்சிங்க் மேல்தான் சந்தேகம்; ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும், கூலரின் உலோகப் பகுதி அது. இன்டெலோடு வரும் கூலரின் நாலு கால்களில் ஒன்று பாதி மட்டும் இறங்கியிருக்கும்; மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மதர்போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் பிளாஸ்டிக் நகம் விரிந்து, நடுவே கறுப்பு ஊசி தெரிய வேண்டும். தெரியாத கால்தான் குற்றவாளி. கூலரை எடுத்தால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிராது.