சிமென்ட் அடைத்த வெள்ளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் ஒரு ஜோடி மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் வாங்கினேன். அடியில் 'ஸ்டெர்லிங் வெயிட்டட்' என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 800 கிராம். வெள்ளி எவ்வளவு தேறும்? (நியூஜெர்சி)

பதில்: 800 கிராமை மறந்துவிடுங்கள். 'ஸ்டெர்லிங்' என்றால் 92.5 சதவீத வெள்ளி; 'வெயிட்டட்' என்றால் கனத்துக்காக உள்ளே சிமென்டோ தாரோ அடைத்தது. வெள்ளி வெளியே மெல்லிய தோலாக மட்டும்தான். 800 கிராமில் பெரும்பகுதி அந்த அடைப்பு. இந்த வகைச் சாமானில் பெரும்பாலும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரைதான் வெள்ளி இருக்கும். உயரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை; அதில்லாமல் கணக்குப் போடுவது கஷ்டம். குட்டை ஸ்டாண்ட் என்றால் ஒன்றுக்கு 25, 30 கிராம். ஒரு அடி உயரம் என்றால் 60 முதல் 90. கணக்கைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஸ்டாண்டை நகைக்கடை மெஷினில் வைத்தபோது 92.5 காட்டியது. அப்படியென்றால் முழுவதும் வெள்ளிதானே? (கோலாலம்பூர்)

பதில்: இல்லை. மெஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். தோல் 92.5. உள்ளே இருக்கும் சிமென்டோ தாரோ அதற்குத் தெரியாது.

கேள்வி: காந்தம் ஒட்டுகிறது. போலியா?

பதில்: நடுவில் இரும்புக் கம்பி வைத்திருந்தால் ஒட்டும். காந்தம் ஒட்டாததாலேயே வெள்ளி என்றும் ஆகிவிடாது, பித்தளையிலும்தான் ஒட்டாது. அடியில் உள்ள குறியைப் படியுங்கள். 'வெயிட்டட்' மட்டும் இருந்து 'ஸ்டெர்லிங்' இல்லையென்றால் அநேகமாக முலாம்தான். பிரிட்டிஷ் சாமானில் நடக்கும் சிங்க முத்திரையைத் தேட வேண்டும்; அங்கே ஸ்டெர்லிங்குக்கு அதுதான் குறி. அமெரிக்க கோரம் கம்பெனியும் சிங்கம், நங்கூரம், ஜி என்று மூன்று குறி போடும். அது கம்பெனியின் சொந்த முத்திரை. அதோடு 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஸ்டாண்டைப் பிரிக்காமல் அப்படியே எடை போட்டு, அதில் 10 சதவீதத்தை வெள்ளியாக வைத்துப் பணம் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (லண்டன்)

பதில்: கொடுக்காதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், அதுவும் விற்று முடித்த பிறகு! பல வருடம் முன்பு ஒரு வியாபாரி என் நான்கு ஸ்டாண்டையும் தராசில் வைத்து இதே பத்து சதவீதம் சொன்னார். இரண்டைக் கொடுத்தேன். மீதி இரண்டையும் வீட்டில் பிரித்தேன். அடியில் ஒட்டியிருந்த ஃபெல்ட் துணியை உரித்து, விளிம்பைத் தகரக் கத்தரியால் வெட்டியதும் தோல் சுருண்டு சுருண்டு வந்தது. விசிட்டிங் கார்டு கனம்தான் இருக்கும். உள்ளே சாம்பல் நிறச் சிமென்ட், நடுவில் துருப்பிடித்த கம்பி. தோலை மட்டும் நிறுத்தேன்: 22 சதவீதம். கொடுத்த இரண்டில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறேன்.

அதனால் உங்கள் கண் முன்னால் பிரித்து, தோலை மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். தோல் 100 கிராம் என்றால் சுத்த வெள்ளி 92.5. கடைக்காரர் அதில் 80 சதவீதம் தந்தால் 74 கிராமுக்கு அன்றைய விலை உங்கள் கையில் வர வேண்டும். வெள்ளி விலை சொல்வது டிராய் அவுன்ஸில், அதாவது 31.1 கிராம். சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

நீங்களே பிரிப்பதென்றால் மாஸ்க் போடுங்கள், சிமென்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அடுப்பில் காட்டவே கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் தாரும் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: கோரம் ஜோடி ஒன்றைச் சுத்தியலால் உடைத்துவிட்டேன். நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: இனி உலோக விலைதான். உடைக்கும் முன் எழுதியிருக்க வேண்டும். நசுங்காத ஜோடியும் கிளை ஸ்டாண்டும் பல சமயம் உலோக விலைக்கு மேலே போகும். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது எவ்வளவோ நல்ல சாமான்கள் உருக்கப்பட்டன. மார்ச் கடைசியில் விலை 11 டாலருக்கு வந்துவிட்டது. உருகிய வேலைப்பாடு திரும்பவில்லை.

கேள்வி: ஸ்டெர்லிங் கைப்பிடி போட்ட கத்திகள், ஒரு டஜன். எவ்வளவு?

பதில்: அலகு எஃகு, கைப்பிடிக்குள் அடைப்பு. கத்திக்கு 15 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடையை மறந்துவிடுங்கள்.