பழைய லேத் மெஷினை மீட்டெடுத்தல்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வேலை செய்தவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: ஐயா, அப்பப்பாவின் மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் பதினைந்து வருடமாகக் கராஜில் கிடந்து கறள் பிடித்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், மோட்டரைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்தில் எண்ணெய்த் துளைகளுக்குள் இருந்த எண்ணெய் மெழுகாக இறுகியிருக்கும். எம்.எல்.7 என்பது 1946 முதல் இங்கிலாந்தில், நொட்டிங்ஹமுக்கு அருகே பீஸ்டனில் செய்யப்பட்ட இயந்திரம். அதன் ஸ்பிண்டில், அதாவது வேலைத்துண்டைச் சுழற்றும் அச்சு, சுழல்வது மென்மையான வெண்ணுலோக பேரிங்கில். அது எண்ணெயின்றிச் சில நிமிடம் ஓடினாலே கீறல் விழுந்துவிடும். துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, கையால் சுழற்றிப் பாருங்கள்.

பிறகு சக்கின் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பகுதி) அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்பி, ஸ்பிண்டில் எவ்வளவு மேலெழுகிறது என்று நுண்ணளவு காட்டும் டயல் கேஜில் பாருங்கள். ஆட்டம் அதிகமானால் பேரிங் மூடியைத் திறக்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே, வெங்காயத் தோல் போல மெல்லிய படலங்களை ஒட்டிச் செய்த தகடு இருக்கும். பிளேட் நுனியால் ஒரு படலத்தை மட்டும் உரித்து, மூடியை மீண்டும் பூட்டி, கையால் சுழற்றி, அதன் பின்னரே அடுத்த படலத்தைத் தொட வேண்டும். முன் மூடியும் பின் மூடியும் இடம் மாறாமலிருக்க, கழற்றுவதற்கு முன்பே அடையாளமிடுங்கள்.

கடற்காற்று படிந்த பெட்டுக்கு (மற்றப் பாகங்களைத் தாங்கும் நீண்ட அடித்தளத்துக்கு) மண்ணெண்ணெய் தடவி, சவரப் பிளேட்டைப் படுக்க வைத்துக் கறளைச் சீவுங்கள். அரத்தாள் வேண்டாம். பெட்டின் நேர்த்திதான் லேத்தின் உயிர். அரத்தாள் கறளோடு சேர்த்து அந்த நேர்த்தியையும் தின்றுவிடும்.

மருதானையிலிருந்து: சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கறள் நீக்கலாமா?

சிறிய இரும்புப் பாகங்களுக்கு நல்ல முறை. நேர்முனைக்குச் சாதாரண இரும்பை மட்டுமே பயன்படுத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஐதரசன் வாயு வெளிவருவதால் திறந்த முற்றத்தில் செய்யுங்கள்.

வத்தளையிலிருந்து: கிரைண்டரில் கம்பித் தூரிகை பூட்டி முழு மெஷினையும் சுத்தப்படுத்தலாமா?

பெட்டில் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைத் தூசாகப் பறக்கவிடுவதும் கூடாது.

கொழும்பு 10 இலிருந்து: ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) அருகே பெட் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. பஞ்சிகாவத்தையில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் அரைத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். கட்டர் 0.1 மி.மீ. கீழிறங்கினால், 25 மி.மீ. தண்டில் விட்டப் பிழை ஒரு மைக்ரோனுக்கும் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால் பிழை 0.2 மி.மீ. மேலும், பெட்டை அரைத்தால் சடில் (கட்டரைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் பகுதி) தாழ்ந்துபோகும். அதனால் சடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ (நீள மரைத் தண்டு), பற்சட்டம் இரண்டின் பொருத்தமும் கெட்டு, ஒரு வேலை நான்கு வேலையாகிவிடும்.

தெஹிவளையிலிருந்து ஒரு பொறியியலாளர்: உங்கள் கணக்கு தட்டை பெட்டுக்குத்தான் பொருந்தும். ‘வி’ வடிவ பெட்டில் ஒரு சரிவு அதிகம் தேய்ந்தால், கட்டர் பக்கவாட்டிலும் நகருமே?

நகரும், அதை நான் குறிப்பிடாதது குறைதான். சவுத் பெண்ட் போன்ற ‘வி’ பெட்டுகளில் வெட்டு விசை முன் ‘வி’யில் விழுவதால், தேய்வும் ஒரு சரிவில் கூடுதலாக இருக்கும். ஆனாலும் அரைக்கும் முன் பெட் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். மீற்றருக்கு 0.02 மி.மீ. காட்டும் நீர்மட்டக் கருவியைக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் ஒப்பிடுங்கள். தேய்வு என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட பல லேத்களில், கால் ஒன்றின் கீழ் தகடு வைத்து முறுக்கை எடுத்ததுமே தண்டு நேராக வந்தது.

அதே பொறியியலாளர்: அப்படியானால் அரைப்பதே தேவையில்லை என்கிறீர்களா?

இல்லை. முறுக்கை எடுத்த பின்பும் தண்டு கூம்பாக வந்தால் அரைக்கலாம். ஆனால் எஞ்சின் ஹெட் அரைக்கும் இடத்தில் அல்ல. பெட்டின் எல்லாப் பரப்புகளையும் ஒரே பிடியில் அரைக்கும் வசதியுள்ள இடத்தில்.

மட்டக்குளியிலிருந்து: அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீற்றர் மரை வெட்ட முடியுமா?

முடியும். ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ.; அதன் ஐந்து மடங்கு 127. ஆகவே 127 பல் சக்கரம் சேர்ந்தால் பிழையே இராது. சிறிய லேத்தில் அதற்கு இடமில்லாவிட்டால், 100/127 என்ற விகிதத்துக்குப் பதிலாக 63/80 வைக்கலாம். ஒரு மீற்றர் நீள மரையில் 0.125 மி.மீ. தான் பிழை வரும். போல்ட்டுக்கு அது தெரியவே தெரியாது.

நீர்கொழும்பிலிருந்து: அமெரிக்க மோட்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

போதாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டர் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சூடேறி ஓடும். 230 வோல்ட் மோட்டர் மாற்றுங்கள்.

வேறு இருவர்: என் லேத் என்ன விலை போகும்?

விலை எனக்குத் தெரிந்த துறையல்ல.

பம்பலப்பிட்டியிலிருந்து: பெட்டுக்கு 400 ஆம் இலக்க அரத்தாள் பரவாயில்லையா? அது மிகவும் மென்மையானதாயிற்றே?

மேலே ஏற்கனவே எழுதிவிட்டேன். பெட்டில் எந்த இலக்கமும் வேண்டாம். உதிரும் மணித்துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புதைந்து, சடில் ஓடும் ஒவ்வொரு தடவையும் அதன் அடியை அறுத்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயும் பிளேட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்காருங்கள். கறள் போன இடத்தில் கறுப்பாகத் தெரியும் புள்ளிகளை அப்படியே விட்டு, எண்ணெய் தடவி மூடுங்கள்; எண்ணெயைப் பிடித்துவைக்க அந்தக் குழிகளே உதவும்.