ரசிகர் கேம் முடங்கியது. அதற்குப் போட்ட மெட்டுகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பழைய வீடியோ கேம்களில் வருமே, அந்த 8-பிட் இசையை ஃபாமிட்ராக்கர் மென்பொருளில் அமைப்பது என் பொழுதுபோக்கு. பழைய ஜப்பானிய கேம் ஒன்றின் ரசிகர்கள் சேர்ந்து, அதன் கதாபாத்திரங்களை வைத்துப் புதிதாக ஒரு கேம் செய்தார்கள். அதற்கு 14 இசைத் துண்டுகள் கொடுத்தேன். 13 என் சொந்த மெட்டு. ஒன்று மட்டும் அசல் கேமின் முதல் கட்டத்தில் வரும் இசையை நான் மாற்றி அமைத்தது. காசு வாங்கவில்லை, ஒப்பந்தமும் போடவில்லை. எல்லாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொண்டதுதான். சென்ற மாதம் அசல் நிறுவனத்தின் நோட்டீஸ் வந்து கேமை நீக்கிவிட்டார்கள். என் இசையைத் தனி ஆல்பமாக வெளியிட நினைக்கிறேன். பிரேசிலில் இருக்கும் குழுத் தலைவரோ, "இசை கேமுக்குச் சொந்தம், தனியாகப் போட உனக்கு உரிமை இல்லை" என்கிறார். ஆனால் அவரே அதைக் குழுவின் பெயரில் யூடியூபில் ஏற்றியிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. ஆல்பம் போடலாமா? அந்த நிறுவனம் என் மேல் வழக்குப் போடுமா?
— வாசகர், கோவை

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். அந்த 13 மெட்டுகளும் உங்களுடையவை. கேம் சட்டப்படி நிற்காமல் போனதால் உங்கள் இசையும் சேர்ந்து விழுந்துவிடாது. இளம் இசைக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, சொந்தப் படைப்பையே கைகழுவிவிடுகிறார்கள். அது வேண்டாம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பைத் தனி ஒரு படைப்பாகவே பார்க்கிறது. பிரிவு 17-இன்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர். இதற்கு விலக்குகள் உண்டு. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்றவற்றை ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால், உரிமை சொன்னவருக்குப் போகும். அந்தப் பட்டியலில் இசை இல்லை. அதனால் காசு வாங்கியிருந்தாலும் உங்கள் நிலை பெரிதாக மாறியிருக்காது. இன்னொரு விலக்கு, சம்பள வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு. குழுவில் நீங்கள் யாருக்கும் சம்பளக்காரர் இல்லை.

ஆனால் நீங்கள் ஐ.டி. ஊழியர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனம் கொடுத்த வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அகலமாக எழுதிய வரி சில கடிதங்களில் இருக்கும். இரவில், வீட்டில், சொந்த லேப்டாப்பில் போட்ட மெட்டு உங்கள் வேலையின் பகுதி ஆகாது என்று உறுதியாக வாதாடலாம். அலுவலக லேப்டாப்பில் போட்டிருந்தால் வீண் கேள்விகள் வரும். அப்படியானால் ஆல்பத்துக்கு முன் மனிதவளப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சல் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சரி, குழுத் தலைவர் சொல்வதற்கு வருவோம். பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது பிரிவு 19. வாய்ப்பேச்சில் உரிமை மாறாது. "சூப்பரா இருக்கு, கேமில் போட்டுக்கறோம்", "ஓகே" என்ற டிஸ்கார்ட் உரையாடல் அதிகபட்சம் அந்த கேமில் பயன்படுத்த நீங்கள் கொடுத்த அனுமதி. அதை வைத்து இசை கேமுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. முறையாக எழுதிக் கொடுத்திருந்தாலும்கூட, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் அதே பிரிவு எடுத்துக்கொள்ளும். உங்கள் பழைய உரையாடல்களை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். எங்காவது "எல்லா உரிமையும் குழுவுக்கே" என்று நீங்களே எழுதியிருந்தால் அதை என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள். மின்னணு எழுத்தும் எழுத்துதான் என்ற வாதத்துக்கு அங்கே இடம் வரும்.

உங்களுக்குத் தெம்பு தரும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் எர்த்பவுண்ட் என்ற கேமை மாற்றி, டோபி ஃபாக்ஸ் 2008-இல் ஒரு ரசிகர் கேம் செய்தார். அதற்காக அவர் போட்ட மெகலோவேனியா என்ற இசையை 2015-இல் தன் சொந்த கேமான அண்டர்டேலில் மீண்டும் பயன்படுத்தினார். 2019-இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டிலேயே அது ஒலித்தது. ரசிகர் கேமில் பிறந்தது என்பதால் அந்த மெட்டு எர்த்பவுண்டின் சொத்தாகிவிடவில்லை.

இனி 14-வது துண்டு. இதில் தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்கிறேன்: ஆல்பத்தில் சேர்க்காதீர்கள். ஓர் இசைப் படைப்பை மாற்றி அமைப்பதும் அதன் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமை. ஜப்பானிய இசைக்கும் இந்தியாவில் பாதுகாப்பு உண்டு. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன. இன்னொரு இசையின் உரிமையை மீறிச் செய்த ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடையாது என்கிறது பிரிவு 13. அதாவது அந்தத் துண்டை நாளைக்கு வேறொருவர் திருடினாலும் உங்களால் தட்டிக் கேட்க முடியாது. ஏற்கனவே வந்த பாடலை வேறொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்யும் கவர் பாடல்களுக்கென்று பிரிவு 31சி-இல் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கேட்கும் வழி. தனி ஆளுக்கு அது ஒத்து வராது. உரிமையாளரிடம் எழுதி அனுமதி கேட்பதுதான் மிச்சம்.

மற்ற 13-ஐயும் நீங்களே ஒருமுறை கறாராகக் கேட்டுப் பாருங்கள். அசல் கேமின் தாக்கத்தில் போட்டவை அவை. தாக்கம் தவறில்லை. ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் வேகமான ஆர்பெஜியோ, 12.5 சதவீத பல்ஸ் அலையின் மெல்லிய கீச்சுக் குரல், முக்கோண அலையில் ஓடும் பேஸ், இரைச்சல் சேனலில் (அதற்கென்று உள்ள ஒலித்தடத்தில்) டிரம் எல்லாமே ஒரு பாணி. பாணிக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்பதை ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பழைய நிண்டெண்டோ பெட்டியின் ஒலிச் சில்லில் மொத்தமே 5 சேனல்தான். அதில் யார் இசை போட்டாலும் ஓசை ஒரே குடும்பமாகத்தான் கேட்கும். அந்த ஓசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் பெரிய வில்லனோடு மோதும் பாஸ் சண்டை தொடங்கும்போது அசல் மெட்டின் நான்கு ஸ்வரத்தை ஆசைக்கு நுழைத்திருக்கிறீர்களா? ரசிகர் இசையில் இது சர்வ சாதாரணம். ரசிகர்களும் அதைத்தான் ரசிப்பார்கள். "ஏழெட்டு விநாடி வரை எடுக்கலாம்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ராம் சம்பத் போட்ட விளம்பர இசையிலிருந்து எடுத்த சில விநாடித் துண்டுக்காக, 2008-இல் மும்பை உயர் நீதிமன்றம் படப் பாடல்களுக்கே தடை போட்டது. எடுத்தது எவ்வளவு நீளம் என்பதைவிட, அதுதான் அந்த இசையின் உயிரா என்பதே கேள்வி. அப்படி எங்காவது இருந்தால் அந்த வரியை மட்டும் மாற்றி எழுதுங்கள். உங்களுக்கு அரை நாள் வேலை.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. என் பார்வையில் உங்கள் ஆல்பத்துக்கு உள்ள பெரிய ஆபத்தும் அதுதான். பதிவு செய்த ஒலித் துணுக்குகளை (சாம்பிள்களை) ஒலிக்கும் ஐந்தாவது சேனலான டிபிசிஎம்-இல் டிரம், பேஸ் சாம்பிள்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? இணையத்தில் கிடைக்கும் சாம்பிள் தொகுப்புகளில் பல, பழைய கேம்களின் ரோம் கோப்பிலிருந்து (கேமின் முழு நகலிலிருந்து) அப்படியே உரித்தவை. மெட்டு உங்களுடையதாக இருந்தாலும், அந்தச் சின்ன "டம்" சத்தம் இன்னொருவரின் ஒலிப்பதிவு என்று உரிமை கோரலாம். அவ்வளவு சிறியதற்கு வழக்கு நிற்குமா என்பது வேறு வாதம். அந்த வாதத்துக்கே நீங்கள் இடம் கொடுக்க வேண்டாம். ஃபாமிட்ராக்கர் சேமிக்கும் ஒவ்வொரு எஃப்டிஎம் கோப்பையும் திறந்து, சாம்பிள் பட்டியலில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். பதிலுக்கு நீங்களே பறையிலோ உறுமியிலோ ஓர் அடியைப் பதிவு செய்து போடுங்கள். ஃபாமிட்ராக்கரே வேவ் கோப்பை டிபிசிஎம் ஆக மாற்றித் தரும். சட்டச் சிக்கல் தீரும். அந்த அடி வேறு யாருடைய கேமிலும் இருக்காது.

ஆல்பத்தின் பெயர், அட்டை, துண்டுகளின் தலைப்பு எதிலும் அசல் கேமின் பெயரோ கதாபாத்திரமோ வேண்டாம். பெயர் வணிகக்குறிச் சட்டத்தில் மாட்டும், கதாபாத்திரத்தின் படம் பதிப்புரிமையில் மாட்டும். தானியங்கித் தேடலில் முதலில் சிக்குவதும் பெயர்தான். "ஓர் ரசிகர் கேமுக்காக முதலில் அமைத்த இசை" என்று விவரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

வழக்கு வருமா? மேலே சொன்னபடி சரிபார்த்துவிட்டால், 13 மெட்டுகளுக்கு அவர்கள் வழக்குப் போட அடிப்படையே இல்லை. 14-வது துண்டைப் பொறுத்தவரை சட்டத்தில் இடம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பிரிவு 52-இல் உள்ள விலக்குகளில் "ரசிகர்" என்று ஒன்று இல்லை. தெரிந்தே மீறினால் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பிடியாணை இல்லாமலேயே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாப நோக்கம் இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காசு வாங்காதது அங்கே கைகொடுக்கும். நடைமுறையில் இந்த நிறுவனங்களுக்கு வேண்டியது கேம் இணையத்திலிருந்து போக வேண்டும் என்பதுதான். 2016 ஆகஸ்டில் மெட்ராய்ட் ரசிகர் கேமான ஏஎம்2ஆர் வெளிவந்த வேகத்திலேயே நிண்டெண்டோவின் நோட்டீஸால் தரவிறக்கத்திலிருந்து நீங்கியது. அதைச் செய்த அர்ஜென்டினாக்காரர் பின்னாளில் ஒரு கேம் நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். உங்கள் பக்கங்களில் 14-வது துண்டு எங்கே இருந்தாலும் இன்றே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

அடுத்து, ஆதாரம். எஃப்டிஎம் கோப்புகளின் பழைய வடிவங்கள், தேதி தெரியும் டிஸ்கார்ட் செய்திகள், மின்னஞ்சல்கள் எதையும் அழிக்காதீர்கள். நகலெடுத்து வேறொரு வட்டிலும் வையுங்கள். நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆவணத்துக்கு 2023-இன் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அசல் கோப்பு கையில் இருந்தால் அது சுலபம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும், தகராறு ஏற்கனவே கிளம்பிவிட்டதால் முக்கியமான இரண்டு மூன்று மெட்டுகளையாவது பதிவு செய்யச் சொல்வேன். இசைப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஆல்பத்தை விநியோக நிறுவனம் மூலம் ஏற்றும்போது ஒரே இசை வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வசதியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்த கேமை விளையாடி வீடியோ போட்ட ரசிகர்கள் எல்லோருக்கும் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும். உங்களைக் கொண்டாடியவர்களுக்கே அந்தத் தொல்லை வேண்டாம்.

கேமை மீட்க, நீக்கியது தவறு என்று மறுத்து எதிர்-நோட்டீஸ் அனுப்பலாம், எல்லோரும் பெயர் போடுங்கள் என்று குழு கேட்டால் மறுத்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டப்படியான அந்தப் படிவத்தில், பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி கொடுக்கிறீர்கள். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்கிறீர்கள். உங்கள் சொந்த ஆல்பத்தை யாராவது தவறாக நீக்கினால் அந்த வழியைப் பயன்படுத்தலாம், அதுவும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு.

கடைசியாகக் குழுத் தலைவர். படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையைப் பிரிவு 57 தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அது உங்களோடுதான் இருக்கும். சண்டைக்குப் போகாமல் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "இந்த 13 இசைத் துண்டுகளையும் அமைத்தவன் நான். கேமில் பயன்படுத்த அனுமதித்தேன். உரிமையை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. தனியாக யூடியூபில் ஏற்ற என் அனுமதி இல்லை. ஏழு நாளுக்குள் நீக்குங்கள், அல்லது என் பெயரைப் போட்டு, வருமானம் எடுக்காமல் வைத்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் கேளுங்கள்." இவ்வளவு போதும். கூட உழைத்தவர்கள், பெரும்பாலும் இதிலேயே வழிக்கு வருவார்கள். பதில் வராவிட்டால் யூடியூபின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். அதில் 14-வது துண்டை மட்டும் சேர்க்காதீர்கள். அதன்மேல் புகார் சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை.