அறுபதுக்குப் பிறகு ஏர் ரைஃபிள்: முதலில் கண்ணாடி, பிறகு துப்பாக்கி

கேள்வி: கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளும் வீட்டில் ஏர் கன்னும் சுட்டுப் பழகியவன் நான். பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் தொடங்க ஆசை. வயது 61, ப்ராக்ரசிவ் கண்ணாடி (தூரப் பவரும் வாசிப்புப் பவரும் ஒரே வில்லையில் உள்ளது) அணிகிறேன், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பரணில் இருக்கும் பழைய ஸ்பிரிங் ஏர் கன்னையே பயன்படுத்தலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஐயா. ஆனால் துப்பாக்கியைப் பற்றி முடிவெடுக்கும் முன் கண்ணைக் கவனியுங்கள். இந்த வயதில் திரும்பி வருபவர்களில் பலர் கை நடுங்குகிறது என்று கவலைப்படுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கு ஃபோர்சைட், அதாவது குழாயின் முன்நுனியிலுள்ள குறிபார்க்கும் அமைப்பு, தெளிவாகத் தெரிவதில்லை. குறிபார்க்கும்போது கூர்மையாகத் தெரிய வேண்டியது ஃபோர்சைட்தான். 10 மீட்டருக்கு அப்பாலுள்ள கறுப்பு வட்டம் சற்று மங்கலாக இருந்தால் பாதகமில்லை. இளமையில் கண் இதைத் தானாகவே சரிசெய்துகொண்டது. இப்போதோ உங்கள் தூரப் பார்வைக் கண்ணாடி ஃபோர்சைட்டை மங்கலாக்கும், வாசிப்புக் கண்ணாடி இலக்கையே கரைத்துவிடும். ப்ராக்ரசிவ் கண்ணாடியில் தலை சிறிது சாய்ந்தாலும் பவர் மாறிவிடுவதால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு காட்சி கிடைக்கும்.

இதற்குத் தீர்வு, சுடுவதற்கென்றே ஒற்றைப் பவரில் தனிக் கண்ணாடி செய்துகொள்வதுதான். துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையில், கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரையுள்ள தூரத்தை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதே நீளத்தில் ஒரு குச்சியை வெட்டி, அதன் நுனியில் தீக்குச்சி ஒன்றைச் செங்குத்தாக ஒட்டிக் கண் பரிசோதகரிடம் எடுத்துச் செல்லுங்கள். தீக்குச்சி கூர்மையாகவும், எதிர்ச் சுவரிலுள்ள எழுத்து அடையாளம் காணும் அளவிலும் தெரிய வேண்டும். பெரும்பாலும் தூரப் பவருடன் +0.50 அல்லது +0.75 கூட்டினால் போதும். குறிபார்க்காத கண்ணை இறுக மூடாமல், அதன் முன் ஒளி ஊடுருவும் வெண்ணிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் கண் களைப்பும் குறையும்.

பரணில் இருப்பதை உடனே சுட்டுப் பார்க்க வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் வாஷர் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) காய்ந்து போயிருக்கும். அதற்காக உள்ளே எண்ணெய் விடுவது ஆபத்து: அமுக்கத்தில் சூடேறும் காற்று அந்த எண்ணெயைப் பற்றவைத்து, ஸ்பிரிங்கையும் வாஷரையும் கெடுத்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிய பின், பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போடும்போது மடங்கிய குழாயை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் நழுவினால் குழாய் விரலை நசுக்கும் வேகத்தில் நிமிரும். பொழுதுபோக்குக்கு இது போதும். ஆயினும் இதன் அதிர்வு முன்னும் பின்னும் உதைப்பதால், துல்லியம் தேடுபவருக்கு அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட போட்டி ரைஃபிளே சுகம். அதைக் கைப்பம்பால் நிரப்புவது கடும் உழைப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளப்பில் நிரப்பிக்கொள்வதே நல்லது. விலை கொடுத்து வாங்கும் முன், ஊரிலுள்ள ரைஃபிள் கிளப்பில் இரண்டு வகையையும் சுட்டுப் பார்த்துவிடுங்கள். 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை.

உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் சில வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் மணல் பையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடுங்கள். மூச்சை நிறுத்துவதை 8 விநாடிக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்குள் குறி அமையாவிட்டால், சுட்டே தீர வேண்டும் என்று நினைக்காமல் துப்பாக்கியை இறக்கி, இரண்டு மூச்சு விட்டு, மறுபடி ஏந்துங்கள். மொட்டை மாடியில் திறந்தவெளி நோக்கிச் சுடுவது மட்டும் கூடவே கூடாது. தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்பால் கைகழுவிய பிறகே காபிக் கோப்பையைத் தொடுங்கள், பேரக்குழந்தைகளையும் தூக்குங்கள்.